துக்கமும் கடனும் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் நன்றி ஜெபம்: நடைமுறையில் எப்படி?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்) | டிசம்பர் 2, இரவு 8.40

சேகரத்து (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) குடும்பங்களுக்காக ஒரே பக்கத்தில் ஒரு வீட்டு ஜெப ஒழுங்கு தயாராகிறது. சாவு நடந்த வீடு, ஆஸ்பத்திரிக் கடன் நிற்கிற வீடு, வேலை போன வீடு, இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுத வேண்டும். அவர்கள் கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள்தான். ஸ்டார் போடலாமா? பலகாரம் சுடலாமா? ஸ்தோத்திர காணிக்கை (நன்றிக் காணிக்கை) எவ்வளவு வைப்பது? கடைசியாக ஒன்று கேட்கிறார்கள், அதற்குத்தான் பதில் சொல்லத் தடுமாறுகிறது: குடும்பமாக உட்கார்ந்து எதைச் சொல்லி நன்றி சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவான ஆறுதல் வேண்டாம், செய்யக்கூடியது வேண்டும்.

தேரிமணல் | டிசம்பர் 2, இரவு 9.55

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன் அண்ணாச்சி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரைக் கழற்றிக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதில்தான் வருஷமே எழுதியிருக்கும். பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய தேதிக்கு 'சி', சீட்டுப் பணம் கட்டிய தேதிக்கு வட்டம், ஸ்கேன், டிஸ்சார்ஜ், பள்ளிக்கூட ஃபீஸ். ஜூலையில் பத்து நாள் தொடர்ச்சியாகப் பால் வாங்கவில்லை என்றால் அந்தப் பத்து நாளும் குடும்பம் ஆஸ்பத்திரியில் இருந்தது என்று அர்த்தம். அந்தப் பத்து நாளும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார்? பேர் சொல்லி நன்றி சொல்ல அங்கே ஒருவர் கிடைத்துவிடுவார்.

ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு நிமிஷம் போதும். நல்லதும் கெட்டதும் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லலாம். 'எல்லா நன்மைக்காகவும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாகச் சொன்னால் யார் மனதிலும் ஒன்றும் நிற்காது. 'மார்ச் 14 ராத்திரி ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பேருக்காக ஸ்தோத்திரம்' என்றால் பத்து வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

ஒன்றில் கவனம் வேண்டும். சாவு நடந்த மாதத்தின் தாள் வரும்போது யாரையும் பேச வற்புறுத்தக் கூடாது. அந்தத் தாளை மௌனமாக அரை நிமிஷம் பார்த்துவிட்டுப் புரட்டினால் போதும். பிறகு யாராவது தானாகப் பேசினால் பேசட்டும்.

அடைக்கலம்_நாசரேத் | டிசம்பர் 2, இரவு 10.30

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கேள்வி. கெட்டதையும் சேர்த்துச் சொல்வது முறுமுறுப்பு ஆகாதா? எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. நடந்த இழப்புக்காகவும் நன்றி சொல்லத்தானே வேண்டும்?

முத்துநகர் | டிசம்பர் 3, காலை 6.15

அந்த வசனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்துத் துக்க வீட்டில் விதவையின் முன்னால் நீட்டுவதுதான் தவறு. 1 தெசலோனிக்கேயர் 5:18 'எல்லாவற்றிலேயும்' என்கிறது. சாவின் நடுவிலே நின்று கர்த்தருக்கு நன்றி சொல்லலாம். சாவுக்கே நன்றி சொல்லச் சொல்லி ஒருத்தியை நெருக்க வேண்டியதில்லை. இறந்துபோன லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார், கல்லறைக்கு முன்னால் நின்று பிதாவுக்கு ஸ்தோத்திரமும் சொன்னார். யோவான் 11-ல் இரண்டும் சில வசன இடைவெளியில்தான் வருகின்றன.

முறுமுறுப்பு பற்றிய பயத்துக்கு சங்கீதம் 13 பதில். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நாலு தடவை வருகிறது. கடைசி வசனம் கர்த்தர் நன்மை செய்தார், அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. இவ்வளவு நேரடியான புலம்பலை வேதமே ஜெபமாக எழுதி வைத்திருக்கும்போது நாம் ஏன் மறைக்க வேண்டும்? வீட்டு ஜெபத்தில் 103-ஆம் சங்கீதம் வாசிப்பது வழக்கம். துக்க வீட்டில் முதலில் 13, பிறகு 103 என்று வைத்தால் வாசிக்கிறவரின் குரல் உடையாது.

ஆபகூக் 3:17-18-ம் பொருந்தும். களிகூருவேன் என்று சொல்வதற்கு முன்னால் தீர்க்கதரிசி ஆறு இழப்பைப் பேர் பேராகச் சொல்கிறார்: அத்தி, திராட்சை, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு. கடன் உள்ள குடும்பம் அந்த ஆறின் இடத்தில் தன்னுடையதை வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். வேலை இல்லாமற்போனாலும், நகை அடகிலிருந்து மீளாமற்போனாலும். அங்கே நிறுத்திவிட்டு 18-ஆம் வசனத்தை எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

அடைக்கலம்_நாசரேத் | டிசம்பர் 3, காலை 7.05

லாசருவின் கல்லறையை நினைக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்: 'அவங்களைப் பார்க்க நாம எவ்வளவோ பரவாயில்லை' என்று யாரும் ஜெபத்தில் சொல்லக் கூடாது. அடுத்த வீட்டுக்காரன் கஷ்டத்தை அளவுகோலாக வைத்துச் சொல்கிற நன்றி, 'மற்றவர்களைப்போல நான் இல்லை' என்று பரிசேயன் ஆலயத்தில் நின்று சொன்ன நன்றிதான்.

பொருநைக்கரை | டிசம்பர் 3, காலை 8.20

காலண்டரும் இரண்டு சங்கீதங்களும் ஒழுங்கில் சேர்ந்துவிட்டன. காணிக்கை பற்றி யாராவது?

சபைக்கணக்கு | டிசம்பர் 3, மதியம் 1.10

இதில்தான் குடும்பங்கள் அதிகம் தவிக்கின்றன, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லூக்கா 2:24-ஐ முதலில் படியுங்கள். பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோன யோசேப்பும் மரியாளும் செலுத்தியது ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. லேவியராகமம் 12:8-ஐப் பார்த்தால், ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தியில்லாதவர்களுக்கு வைத்த சலுகை அது. முதல் கிறிஸ்துமஸ் குடும்பமே ஏழை வீட்டுக் காணிக்கையோடுதான் ஆலயத்துக்குள் நுழைந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் 'போன வருஷம் ஐயாயிரம் வைத்தோம், இந்த வருஷம் ஐந்நூறு வைத்தால் என்ன நினைப்பார்கள்' என்று ஒரு குடும்பம் மறுகக் கூடாது. 2 கொரிந்தியர் 8:12-ம் அதையே சொல்கிறது, உள்ளதின்படிதான் கணக்கு.

காணிக்கைக்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். சீட்டு எடுத்து அதிலிருந்து ஒரு பங்கு வைப்பதும் கடன்தான், தவணை இன்னும் பாக்கி இருக்கிறதல்லவா? சங்கக் காணிக்கை (சபை அங்கத்தினர் கட்டும் சந்தா) பாக்கி நின்றால், அதை டிசம்பர் கடைசியில் மொத்தமாக அடைக்க முயலாமல் சபைப் போதகரான ஐயரிடம் நேரில் சொல்லிப் பிரித்துக் கட்டலாம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பல சபைகளில் கேட்டால் வழி உண்டு.

கவர் எழுதும் விதம். முன்பக்கம் குடும்பத் தலைவர் பெயர், கீழே 'ஸ்தோத்திர காணிக்கை', அதன் கீழே ஒரே வரியில் காரணம்: 'இந்த வருஷம் நடத்தின கிருபைக்காக'. அதற்கு மேல் வேண்டாம். நோய், கடன் தொகை, வழக்கு எல்லாம் கவரில் எழுதினால் சில இடங்களில் எழுதியபடியே மைக்கில் வாசித்துவிடுவார்கள். தொகையை வாசிக்க வேண்டாம் என்றால் கவரில் எழுதினால் போதாது, ஆராதனைக்கு முன்பே வாசிக்கிறவரிடம் வாயால் சொல்ல வேண்டும். காணிக்கைப் பையில் பேரில்லாமல் போடும் பணம் பொதுக் காணிக்கையில் சேர்ந்துவிடும், ரசீது வராது. ரசீது வேண்டாதவர்களுக்கு அதுவே நல்ல வழி.

பணமே இல்லையா? பண்டிகைக்கு முந்தின நாள் கோயிலைக் கழுவ ஆள் தேவைப்படும், அசனம் (சபையார் சேர்ந்து உண்ணும் பந்தி) நடக்கும் இடங்களில் வெங்காயம் உரிக்கவும் இலை எடுக்கவும் ஆள் தேவைப்படும். குடும்பமாக மூன்று மணி நேரம் போய் நின்றாலும் அது ஸ்தோத்திர காணிக்கைதான்.

குமரித்தென்றல் | டிசம்பர் 3, மாலை 5.45

அசனம் என்றதும் ஒன்று. லேவியராகமம் 7:15-ல் ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தும் பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட வேண்டும், விடியுமட்டும் மீதி வைக்கக் கூடாது. பொருத்தனைக்கோ (நேர்ச்சைக்கோ) உற்சாகத்துக்கோ (மனமுவந்தோ) கொடுத்தால் மறுநாளும் சாப்பிடலாம் என்று அடுத்த வசனம் சொல்கிறது. முழு மிருகத்தை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். நன்றிப் பந்தி தனியாகச் சாப்பிட முடியாதபடியே அமைக்கப்பட்டது. கஷ்ட வருஷத்தில் 'யாரையும் கூப்பிட வசதியில்லை' என்று கதவைச் சாத்துவதைவிட, ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சோறும் குழம்பும் முட்டையும் வைப்பது வேதத்துக்கு நெருக்கம்.

அடுப்படி | டிசம்பர் 3, இரவு 7.30

பலகாரத்துக்கு வருகிறேன். சாவு நடந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்காத வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அது ஊர் வழக்கம், வேதக் கட்டளை கிடையாது. பெரியவர்கள் மனம் எப்படியோ அப்படி விடலாம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தூக்குச்சட்டியிலும் டிபன் பாக்ஸிலும் கொடுக்காதீர்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று அந்த வீட்டம்மா சீனியாவது போட்டுத் தரப் பார்ப்பார். பத்துப் பாத்திரம் வந்தால் பத்துத் தடவை அந்தச் சங்கடம். காகிதப் பையில் கட்டிக் கொடுங்கள்.

சுடுகிற வீடுகளுக்கு: ஐந்து வகை வேண்டாம், முந்திரிக்கொத்து ஒன்று போதும். பேரில்தான் முந்திரி, உள்ளே முழுக்கப் பாசிப்பயறு. செலவு குறைவு, பதமாகச் செய்தால் புத்தாண்டு தாண்டியும் இருக்கும்.

அரைக் கிலோ பாசிப்பயறைச் சின்னத் தீயில் வாசம் வர வறுத்து, ரவை பதத்துக்குத் திரிக்க வேண்டும். நானூறு கிராம் கருப்பட்டி அல்லது வெல்லம். ஒரு மூடித் தேங்காய்த் துருவல், ஐம்பது கிராம் எள், ஆறு ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதம் வந்ததும் மாவில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் நெல்லிக்காய் அளவில் உருட்ட வேண்டும். ஐம்பது உருண்டைக்கு மேல் வரும். இருநூறு கிராம் பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சளும் சேர்த்து இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளரக் கரைத்து, மும்மூன்றாக முக்கி மிதமான சூட்டில் எடுக்கலாம்.

கெடுவது மூன்று இடத்தில். தேங்காய்த் துருவலில் ஈரம் இருந்தால் நாலைந்து நாளில் சிக்கு வாடை வரும், பொன்னிறமாக மொறுமொறு என்று வறுபட வேண்டும். பாகு பதம் குறைந்தால் உருண்டை உதிரும். மேல்மாவு நீர்த்தால் உள்ளே இருக்கும் வெல்லம் எண்ணெயில் கசிந்து கறுத்துவிடும், அதன் பிறகு போடுவதெல்லாம் கசக்கும். முதலில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மாவு பிரிந்தால் ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் சரியாகும்.

தேரிமணல் | டிசம்பர் 3, இரவு 8.50

ஸ்டார் விஷயம் சுருக்கமாக. துக்க வீடு என்றால் சீரியல் செட் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள், வெள்ளைக் காகித ஸ்டார் ஒன்றை மட்டும் வாசலில் கட்டலாம். 9 வாட்ஸ் எல்இடி பல்பு, மாலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, மாதம் முழுக்க எரிந்தாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு என்றால் பதினொரு யூனிட், கூடவே காகிதம் பொசுங்கும் ஆபத்தும். ஸ்டாரின் பாரத்தை வயரில் தொங்கவிடாமல் நைலான் கயிற்றில் கட்டுங்கள். டிசம்பரில் நம் பக்கம் மழை இருக்கும், ஹோல்டருக்கு மேலே பிளாஸ்டிக் மூடி கட்டாயம்.

கேரல்_பொறுப்பு | டிசம்பர் 3, இரவு 10.05

ஸ்டாரைவிட முக்கியமானது ஒன்று விட்டுப்போகிறது. கேரல் ரவுண்ட்ஸ், அதாவது ராத்திரியில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. துக்க வீடு என்று நினைத்து வாலிபர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மரியாதைக்காகச் செய்வதுதான். ஆனால் உள்ளே முன்விளக்கைப் போட்டு, பிளாஸ்கில் ஏலக்காய் டீ ஊற்றி வைத்து, கோலப்பொடி எடுத்து நட்சத்திரம் போட்டுக் காத்திருப்பார்கள். பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டு, நெருங்கி, அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த வருஷத்திலேயே அதிகமாக வலிக்கிற ராத்திரி அதுவாகிவிடும்.

ஆகவே ஒரு வாரம் முன்பே உபதேசியார் (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) அல்லது கேரல் பொறுப்பாளர் நேரில் போய்க் கேட்க வேண்டும்: 'வரலாமா, எந்தப் பாட்டு வேண்டும்?' வரச் சொன்னால் டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் தெருவிலேயே நிற்கட்டும். நாலைந்து பேர் மட்டும் உள்ளே போய், மெதுவான ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், ஐந்து நிமிஷத்தில் வெளியே. நோயாளி இருக்கும் வீட்டை ரவுண்ட்ஸின் கடைசியில் போட்டால் ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும், அதனால் ஒன்பதுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கேரல் காணிக்கை உண்டியலை அந்த வீட்டில் நீட்டாதீர்கள்.

முத்துநகர் | டிசம்பர் 4, காலை 6.30

கத்தோலிக்கக் குடும்பங்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. திருப்பலியில் வேண்டுதலாக எழுதிக் கொடுப்பதைக் 'கருத்து' என்பார்கள். இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கான கருத்தும் குடும்பத்தின் நன்றிக் கருத்தும் தனித்தனி, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் ஒன்று வாசிக்கும்போது விடுபடும். 24 இரவுத் திருப்பலிக்குக் கருத்துகள் குவிந்திருக்கும், 26 முதல் 31 வரை வாரநாள் திருப்பலியில் கேட்டால் எளிது. குழந்தையை இழந்த குடும்பம் என்றால் டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளையும் ராகேலின் அழுகையையும் திருச்சபை கிறிஸ்துமஸ் வாரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பொருநைக்கரை | டிசம்பர் 4, காலை 9.00

நேரம் எப்போது வைக்கலாம்? 25 ராத்திரி என்றுதான் முதலில் நினைத்தது.

அடைக்கலம்_நாசரேத் | டிசம்பர் 4, காலை 9.40

25 ராத்திரி வேண்டாம். விடியற்காலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே எழுந்திருப்பார்கள், ராத்திரி எட்டுக்கெல்லாம் பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள். 24 மாலை ஆறரை அல்லது 26 மாலை நல்லது. சாப்பாட்டுக்கு முன்னால், இருபத்தைந்து நிமிஷத்துக்கு மிகாமல். பாட்டுப் புத்தகம் பார்க்காமல் எல்லாரும் பாடக்கூடிய ஒரு பாட்டு. லூக்கா 2:1-20 பிள்ளைகள் வாசிக்கட்டும், முந்தின நாளே வாசித்துப் பழகியிருந்தால் 'சீரியா', 'சிரேனியு' என்ற இடத்தில் திக்க மாட்டார்கள். பிறகு சங்கீதம் 13, காலண்டர், சங்கீதம் 103, ஒருவர் ஜெபம், பரமண்டல ஜெபம். ஜெபிக்கிறவர் மூன்று நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெரியப்பா பதினைந்து நிமிஷம் ஜெபித்தால் அதுவரை சேர்த்த எல்லாம் கலைந்துவிடும்.

குமரித்தென்றல் | டிசம்பர் 4, மதியம் 12.15

குடும்ப வேதாகமத்தை மறந்துவிட்டோம். முன்பக்கத் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எழுதி வைப்பது நம் வீடுகளின் பழக்கம். இந்த வருஷத்து வரியை அந்த மாலையிலேயே எழுதலாம். இறந்தவர் பெயர், தேதி, அடக்கம் பண்ணின இடம். அதற்குக் கீழே இந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை இருந்தால் அதுவும். இரண்டு வரியும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த மாதிரி நனைந்த வேதாகமம் இன்னும் பீரோவில் இருந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று யாருக்காவது தெரியுமா?

சபைக்கணக்கு | டிசம்பர் 4, மாலை 4.20

பழைய பதிவேடுகளுக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும். நனைந்த உடனே என்றால்: ஒட்டிய தாளைப் பிரிக்காதீர்கள், கிழியும். பிரிகிற பக்கங்களுக்கு நடுவில் இருபது தாளுக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக்குக் கீழே லேசாக விரித்து நிறுத்தி, தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். செய்தித்தாள் வைத்தால் அதன் மை இறங்கிவிடும். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். இரண்டு நாளைக்குள் காயவில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கும், காய வைக்க நேரமில்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைத்துப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

அப்போதே காய்ந்து ஒட்டிப்போனது என்றால் வலிந்து பிரிக்க வேண்டாம். முன்பக்கத் தாள் மட்டும் தெரிந்தால் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, புது வேதாகமத்தின் முன்பக்கத்தில் ஒரு வரி விடாமல் பெயர்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழையையும் அப்படியே எழுதுங்கள், தாத்தா எழுதிய விதம் அது.

பொருநைக்கரை | டிசம்பர் 4, மாலை 5.00

எந்தப் பேனா?

சபைக்கணக்கு | டிசம்பர் 4, மாலை 5.10

சாதாரண பால்பாயிண்ட். ஜெல் பேனாவும் மை பேனாவும் பெரும்பாலும் நனைந்தால் ஓடிவிடும். எழுதி முடித்ததும் மூடாமல் பத்து நிமிஷம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள், எல்லாரும் ஒரு தடவை வாசித்துக்கொள்ளட்டும்.